ஒரு சொட்டுகூடக் கிடையாது

"கெட்டிலைக் கீழே வை!"

ஜஸ்பீர் ராய் ஒரு காலில் செருப்பும் மறு காலில் வெறும் காலுறையுமாக முற்றத்துக்கு ஓடிவந்தார். வேலிக்கு அப்பாலிருந்து நைனகலா எக்கி நின்று, அலுமினிய கெட்டிலின் மூக்கை முதல் தொட்டிக்கு நேராகச் சாய்த்திருந்தாள்.

"வைக்க முடியாது தாஜு. பாருங்க, இலையெல்லாம் மஞ்சளா உதிருது. பச்சை உசுரு. பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"சும்மாத்தான் இருக்கணும்! அது குளிர்காலத் தூக்கம். இப்ப தண்ணி பட்டா வேர் அழுகிடும்."

"தூங்குறவங்களுக்குத் தாகம் எடுக்காதா?"

"எடுக்காது!"

கெட்டில் பின்வாங்கியது. தொட்டியில் ஒரு சொட்டும் விழவில்லை. ஜஸ்பீர் குனிந்து தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பியிருந்த மரப்பட்டைத் துண்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. நல்லவேளை, சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்.

நைனகலா பக்கத்து வீட்டுக்காரி, மாதர் சங்கச் செயலாளர். தாஜு என்று சொந்த அண்ணனை அழைக்கிற உரிமையோடுதான் அவரைக் கூப்பிடுவாள். திட்டுவதும் அதே உரிமையோடு. போகிற போக்கில், "போஜு திரும்பி வந்து வெறும் குச்சியைப் பார்த்து அழப்போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். போஜு என்றால் அண்ணி, அதாவது ஜஸ்பீரின் மனைவி தில்குமாரி. 'அழப்போறாங்க' என்ற அந்த ஒரு வார்த்தைதான் ஜஸ்பீரைச் சுட்டது.

போன குளிர்காலத்தில் தில்குமாரி அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

முப்பத்தொரு வருஷம் காலிம்போங்குக்கும் காங்டோக்குக்கும் இடையே ஜீப் ஓட்டியவர் ஜஸ்பீர். போன வருஷம் திஹார் பண்டிகை முடிந்த கையோடு ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்தார். மனைவி வளர்த்த முப்பத்தேழு சுனாகரி, அதாவது ஆர்க்கிட், தொட்டிகளை அப்போதுதான் முதல்முறையாக நின்று பார்த்தார். இலைகள் உதிர்வதைக் கண்டு மனசு கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். குளிருமே என்று வெந்நீர் கலந்து ஊற்றினார். பதினோரு தொட்டிகள் வேரோடு அழுகின. மீதி இருபத்தாறில் பூவுக்குப் பதிலாகத் தண்டெல்லாம் குட்டிச்செடிகள் முளைத்தன. தில்குமாரி பதினோரு தொட்டிகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னாள். அந்தப் 'பரவாயில்லை'யை ஒரு வருஷமாக ஜஸ்பீரால் விழுங்க முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பாதி நாள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார்.

இந்த வருஷம் மகளுக்குப் பிரசவம். தில்குமாரி நாலு மாதத்துக்கு சிலிகுரி போனாள். ஜீப்பில் ஏறும்போது சொன்னாள்: "சுனாகரிக்கு ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. நல்ல வெளிச்சம் வேணும், குளிர் படணும். கணுவுல மொட்டு புடைச்சதும் எனக்கு போன் பண்ணுங்க. அது வரைக்கும் கைய வைக்காதீங்க. உங்களால முடியுமா?"

"முடியுமாவா? சும்மா இருக்கிறதுதானே வேலை!"

அந்த வேலை எவ்வளவு பெரியது என்று அவருக்கு அப்போது தெரியாது.

நைனகலா போனதும் ஒரு பலகையை எடுத்து சிவப்புப் பெயின்ட்டால் பெரிதாக எழுதி வேலியில் மாட்டினார்: 'தண்ணீர் ஊற்றக் கூடாது.'

மறுநாள் காலையில் பலகை முன்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் பாசாங் அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார், பேப்பர் செய்தி வாசிப்பதுபோல.

"இந்த மாதிரி அறிவிப்பை நான் எங்கேயும் பார்த்ததில்ல" என்றார் பாசாங். "பூப் பறிக்காதேன்னு எழுதுவாங்க. செடிக்குத் தண்ணி தராதேன்னு எழுதின ஆளு நீங்க ஒருத்தர்தான், ஜஸ்பீர் தாஜு. செடி உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?"

"துரோகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது தூங்குது."

"அப்ப அதை எழுதறதுதானே?"

நியாயமாகத்தான் பட்டது. பலகையைக் கழற்றி அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: 'இவை உறங்குகின்றன.'

அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. தூங்கும் செடியைப் பார்க்க மேல்தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வேலியோரம் வந்ததும் குரலைத் தாழ்த்திக் குசுகுசுவென்று பேசினார்கள். பாசாங் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். எப்போது விழிக்கும், குறட்டை விடுமா, கனவு வருமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜஸ்பீர் காலையிலிருந்து சாயங்காலம்வரை பதில் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார். நாலாம் நாள் நைனகலா தடிமனான கம்பளிச் சால்வை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"போர்த்தி விட. தூங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? தண்ணிதான் கிடையாது, போர்வைகூடவா கிடையாது?"

"நைனகலா, என்னைக் கிண்டல் பண்றியா?"

"சேச்சே. பச்சை உசுரு மேல எனக்கு இருக்கிற அக்கறை உங்களுக்கு இல்லைன்னு சொல்றேன். அவ்வளவுதான்." மறு கையிலிருந்த பாத்திரத்தை வேலித்தூண் மேல் வைத்தாள். "குந்த்ருக் சூப். சூடா இருக்கு. லஞ்சம்னே வச்சுக்குங்க. குடிச்சுட்டு ஒரு டம்ளர் தண்ணி ஊத்த அனுமதி குடுங்க."

ஜஸ்பீர் சூப்பைக் குடித்தார். அனுமதி கொடுக்கவில்லை.

வேலியோரத்தில் வைத்திருப்பதுதான் தப்பு என்று அவருக்குத் தோன்றியது. இருபத்தாறு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்து மொட்டைமாடிக்கு ஏற்றினார். நடுவில் ஏழு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மாடியில் நல்ல வெயில், நல்ல குளிர், எட்ட முடியாத உயரம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், மலைச்சரிவில் வீடு கட்டியவன் மறக்கக்கூடாததை மறந்துவிட்டது புரிந்தது. அவருடைய மாடிக்கு நேர் மேலே பத்ரி மாஸ்டரின் முட்டைக்கோஸ் தோட்டம். அதற்கு மேலே இன்னும் பதினைந்து வீட்டு ஜன்னல்கள். இதுவரை ஒரு தெருதான் பார்த்தது. இனிமேல் மலையே பார்க்கும்.

பத்ரி மாஸ்டர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். மறுநாளே ரப்பர் குழாயும் கையுமாகத் தோட்டத்து விளிம்பில் வந்து நின்றார்.

"மாஸ்டர்! குழாயை அந்தப் பக்கம் திருப்புங்க!"

"நான் என் கோசுக்கு ஊத்துறேன்பா. காத்துல நாலு துளி உன் மாடியில விழுந்தா அதுக்கு நான் பொறுப்பா?"

"விழுந்துச்சுன்னா உங்க கோசு ஒண்ணுகூட மிஞ்சாது!"

"பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான். சொன்ன பேச்சு கேக்காத பய."

தண்ணீர் வளைந்து வந்து மாடி விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. ஒவ்வொரு நாளும் அதே ஒரு முழம். ஜஸ்பீர் ஒரு முக்காலியும் இரண்டு குடையும் எடுத்துவந்து மாடியிலேயே காவல் இருந்தார். காலை வெயில் ஏறும்போது ஏறுவார், குழாயை மாஸ்டர் சுருட்டி வைத்த பிறகுதான் இறங்குவார். இரண்டே வாரத்தில் முகம் கறுத்துவிட்டது. பசி வேறு தாறுமாறாக எடுத்தது.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை. அத்தனை தொட்டிகளையும் வீட்டுக்குள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டால்? கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, சமையலறை அடுப்பைச் சுற்றி என்று இருபத்தாறையும் அடுக்கினார். அன்று சாயங்காலம் தில்குமாரி போன் செய்தபோது பெருமையாகச் சொன்னார்.

மறுமுனையில் தில்குமாரியின் குரல் உயர்ந்தது. "இருட்டுலயா? அடுப்பு பக்கத்துலயா? வெளிச்சமும் குளிரும் இல்லாம மொட்டு எப்படிங்க வரும்?"

"ஓ."

"முடியலைன்னா சொல்லுங்க. நைனகலாகிட்ட ஒப்படைச்சிடலாம்."

"அவகிட்டயா!" ஜஸ்பீர் போனை அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு மாற்றினார். "அவ கையில குடுக்கிறதுக்கு நானே ஆத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவேன். நாளைக்குக் காலையில எல்லாம் மாடியில இருக்கும். நீ குழந்தையைப் பாரு."

மறுபடியும் இருபத்தாறு தொட்டிகள் படியேறின. இந்தமுறை மூன்றே முறைதான் உட்கார்ந்தார்.

தை மாத சங்கராந்தியன்று சமாஜ் மண்டபத்தில் தெருக்கூட்டம். வள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றுவிட்டுச் சாக்கடை, தெருவிளக்கு என்று பேசிக் கலைவதுதான் வழக்கம். இந்த வருஷம் நைனகலா எழுந்து ஒரு தாளைப் பிரித்தாள்.

"ஜஸ்பீர் தாஜு வீட்டுச் செடிகள் பட்டினி கிடக்கிறதைப் பத்தி இந்தச் சபை ஒரு முடிவெடுக்கணும்."

ஜஸ்பீர் கூட்டத்துக்கு வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஆனால் முகம் மழித்து, ஜீப் ஓட்டிய காலத்துத் தோல் சட்டையை மாட்டிக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். கூட்டத்தில் பேசுவது வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்தொரு வருஷம் இந்த மலைப்பாதையில உங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். ஒவ்வொரு வளைவிலயும் பின் சீட்டுலேருந்து 'பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி'ன்னு கத்துவீங்க. உங்க பேச்சைக் கேட்டுப் பிடிச்சிருந்தா அத்தனை பேரும் தீஸ்தா ஆத்துல கிடந்திருப்பீங்க. எப்ப மிதிக்கணும், எப்ப காலை எடுக்கணும்னு ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். இப்ப நான் காலை எடுத்திருக்கேன். ஒரு சொட்டுகூடக் கிடையாது. முடிஞ்சா ஊத்திப் பாருங்க!"

பாசாங் கைதட்டப் போய், நைனகலா பார்த்த பார்வையில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு கேக்கிறேன்" என்றார் ஜஸ்பீர். "மாஸ்டர், உங்க வீட்டு வாசல்ல தொங்குதே ரெண்டு சுனாகரி, அதுக்கு நீங்க குளிர்ல தண்ணி ஊத்துறீங்களா?"

பத்ரி மாஸ்டருக்குக் கிழங்கு புரையேறிவிட்டது. இருமி முடித்ததும், "பேச்சை மாத்தாதே! வாக்கெடுப்பு நடத்துங்க!" என்றார்.

வாக்கெடுப்பு நடந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நாற்பத்திரண்டு கைகள். ஊற்றக்கூடாது என்று ஒரு கை. அது தோல் சட்டைக் கை. வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்து ஜஸ்பீர் வீட்டு மாடிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுவதென்று சபை தீர்மானித்தது.

"வாங்க" என்றார் ஜஸ்பீர், வாசலில் நின்று திரும்பி. "ஒவ்வொருத்தரா வாங்க. நானா நீங்களான்னு பார்த்துடலாம்."

வந்தார்கள். ஞாயிறு பாசாங், திங்கள் மாஸ்டர், செவ்வாய் நைனகலா, அப்புறம் மற்ற வீடுகள். கையில் கெட்டிலோ பூவாளியோ இருக்கும், மறு கையில் தூக்குப் பாத்திரம் இருக்கும். படியேறும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வருவார்கள். அதனால் ஜஸ்பீர் எப்போதும் முதல் படியிலேயே துடைப்பத்தைக் குறுக்கே பிடித்து மறித்துவிடுவார். வாக்குவாதம் அரை மணி நடக்கும். தாகம், தர்மம், பச்சை உயிர், மனுஷத்தன்மை என்று பேச்சு போய், யார் மகனுக்கு எப்போது கல்யாணம், எந்த வளைவில் மண் சரிந்தது என்று முடியும். லஞ்சமாக வந்த மோமோவையும் சேல் ரொட்டியையும் அவர் விடாமல் தின்றார். டல்லே மிளகாய்த் துவையல் காரம் பற்றவில்லை என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. கடைசியில் வந்தவர் தோற்று, கெட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவார்.

"இன்னைக்கும் நடக்கலையா?" என்று கீழே ஒரு குரல் கேட்கும்.

"நடக்காது!" என்று மாடியிலிருந்து ஜஸ்பீர் பதில் சொல்வார்.

தை முடிகிற சமயம், ஒரு பிற்பகலில் வானம் சட்டென்று கறுத்தது. அந்த மாதத்தில் வரக்கூடாத மழை, ஆலங்கட்டியோடு. ஜஸ்பீர் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக்கொண்டு தனியாகத் திண்டாடினார். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை காற்றில் எழும்பியது. இருபத்தாறு செடிகளுக்கும் மேலே தன் உடம்பையே விரிக்க முடியாதா என்று பரிதவித்து நின்றபோது படியில் தடதடவென்று சத்தம். நைனகலா ஒரு முனையைப் பிடித்தாள். பாசாங் ஒன்றைப் பிடித்தார். பத்ரி மாஸ்டர் எழுபது வயதில் தோட்டத்து மதிலிலிருந்து நேரே மாடிக்குக் குதித்து நாலாவது முனையைப் பிடித்தார். மழை நிற்கும்வரை நாலு பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். செடிகள் நனையவில்லை.

ஜஸ்பீர் தலையிலிருந்து ஆலங்கட்டியை உதறிவிட்டு நைனகலாவைச் சந்தேகத்தோடு பார்த்தார். "வாராவாரம் ஊத்த வர்ற ஆளு, இன்னைக்கு ஏன் மறைக்கிறே?"

நைனகலா ஒரு கணம் விழித்தாள். "அது... மழை ஊத்தினா எனக்கென்ன பெருமை? நான் ஊத்தி ஜெயிக்கணும்."

"அப்படியா?" ஜஸ்பீருக்கு முதல்முறையாக அவள்மேல் மரியாதை வந்தது. எதிரி என்றால் இப்படி இருக்க வேண்டும். "சரி, செவ்வாய்க்கிழமை வா. பார்த்துக்கலாம்."

மாசி பிறந்து ஐந்தாம் நாள், வெறுங்குச்சியாக நின்ற தண்டுகளில் கணுவுக்குக் கணு புடைப்புகள் தெரிந்தன. போன வருஷமும் இப்படித்தான் புடைத்தது; குட்டிச்செடியாகப் போனது. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் மூக்கு தண்டில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். நாலாம் நாள் புடைப்பு உருண்டு, நுனியில் ஊதா நிறம் மினுங்கியது. பச்சை இல்லை. ஊதாதான்.

போனை எடுத்தார். மறுமுனை எடுத்ததும், "தில்குமாரி, தில்குமாரி" என்று இரண்டு முறை கூப்பிட்டார்.

"என்னங்க? என்னாச்சு?" என்று தில்குமாரி பதறினாள்.

"ஊதா" என்றார் ஜஸ்பீர். "எல்லாத்துலயும் ஊதா."

தில்குமாரி வந்து இறங்கிய அன்று இருபத்தாறு தொட்டிகளும் வெடித்துப் பூத்திருந்தன. வெள்ளையும் ஊதாவுமாக, இலையே தெரியாமல், அடி முதல் நுனி வரை பூ. தெருவே மாடியில் ஏறி நின்றது. அவள் ஒவ்வொரு தொட்டியாகத் தொட்டுப் பார்த்து வந்து, கணவர் முன்னால் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போன வருஷத்துப் 'பரவாயில்லை' அந்த நிமிஷத்தில் அவர் தொண்டையை விட்டு இறங்கியது.

ஜஸ்பீர் முக்காலிமேல் ஏறி நின்றார்.

"நாலு மாசம்! இந்தத் தெரு மொத்தமும் ஒரு பக்கம், நான் ஒருத்தன் ஒரு பக்கம். நாற்பத்திரண்டு கை தூக்கினீங்களே, எங்கே அந்தக் கையெல்லாம்? இப்ப தூக்குங்க பார்ப்போம்!"

ஒருவரும் தூக்கவில்லை.

"தோத்துட்டோம் தாஜு" என்றாள் நைனகலா, தலையைக் குனிந்துகொண்டு. பாசாங் இருமினார். மாஸ்டர் திரும்பி நின்று கோசுத் தோட்டத்தைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் போலிருக்கிறது என்று ஜஸ்பீர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

எல்லோருக்கும் டீ போட வேண்டும் என்று தானே கீழே இறங்கினார். பின்வாசலில் பால்காரி லீலா அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தினமும் வருபவள், அதிகம் பேசாதவள்.

"கேட்டியா லீலா, நான் பேசினதை? ஒரு ஊரையே தனியாளா எதிர்த்து நின்னிருக்கேன். அத்தனை பேரு அத்தனை கெட்டில் தூக்கிட்டு வந்தாங்க. ஒரு சொட்டு விழவிட்டேனா?"

லீலா பாத்திரத்தை வைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வருத்தம் அதில் தெரிந்தது.

"கெட்டில்ல தண்ணி இருந்தாத்தானே தாஜு விழும்? 'அவரைச் சும்மா விட்டா போன வருஷம் மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்துடுவாரு, நான் வர்ற வரைக்கும் தினம் ஒருத்தர் சோறு கொண்டுபோய் சண்டை போடுங்க'ன்னு போஜு போறதுக்கு முன்னாடி வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனாங்க. நானும் கேட்டேன், எனக்கு ஒரு நாள் குடுங்கன்னு, எனக்குச் சண்டை போட வராதுன்னு அந்த நைனகலாதான் என்னைச் சேர்த்துக்கவே இல்ல!"